லினக்ஸ் கன்டெய்னர்களில் ஹோஸ்ட்நேமும் முழு டொமைன் பெயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்டெய்னருக்கு, அதாவது ஒரே லினக்ஸ் இயந்திரத்துக்குள் தனித்து ஓடும் நிரல் சூழலுக்கு, பெயர் வைப்பது ஒரு வரி வேலை என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். மின்னஞ்சல் திரும்பி வரும்போதோ, சான்றிதழ் பொருந்தவில்லை என்ற பிழை எழும்போதோதான் அந்த ஒரு வரிக்குப் பின்னால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ஒரு சிறு உரைக்கோப்பு, டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் நெட்வொர்க் சேவை) என மூன்று தனித்தனி இடங்கள் இருப்பது தெரியவருகிறது. எந்தப் பெயர் எங்கே வாழ்கிறது என்பது பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிது. கீழே உள்ள பதில்களில் கட்டளைகளின் பெயர்களும் எடுத்துக்காட்டுகளும் ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

ஹோஸ்ட்நேமும் முழு டொமைன் பெயரும் ஒன்றுதானா?

இல்லை, பெரும்பாலான குழப்பங்கள் இவை இரண்டையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான் பிறக்கின்றன. ஹோஸ்ட்நேம் என்பது கெர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு சொல். லினக்ஸில் அது அதிகபட்சம் 64 எழுத்துகள் வரை இருக்கலாம். எந்த நிரல் கேட்டாலும் கெர்னல் அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும்.

முழு டொமைன் பெயரை, அதாவது 'வெப்1.எக்ஸாம்பிள்.காம்' போன்ற முழுமையான பெயரை, கெர்னல் தனியே எங்கும் சேமித்து வைப்பதில்லை. அது ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறப்படும் விடை. 'ஹோஸ்ட்நேம்' கட்டளையை 'எஃப்' என்ற தெரிவோடு இயக்கினால், அது முதலில் கெர்னலிடமிருந்து குறுகிய பெயரை வாங்கி, பிறகு அந்தப் பெயருக்கு உரிய அதிகாரபூர்வப் பெயர் என்ன என்று பெயர்த்தேடல் நூலகத்திடம் கேட்கிறது. அந்த நூலகம் வழக்கமாக முதலில் ஈடிசி அடைவில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும். அங்கே கிடைக்காவிட்டால் டிஎன்எஸ் சர்வரிடம் போகும். ஆகவே ஹோஸ்ட்நேமை எத்தனை முறை மாற்றினாலும், ஹோஸ்ட்ஸ் கோப்பும் டிஎன்எஸும் அதற்கு ஏற்ப இல்லாவிட்டால் முழுப் பெயர் சரியாக வராது.

அப்படியானால் 'டொமைன்நேம்' என்ற கட்டளை எதற்கு?

அது டிஎன்எஸ் சார்ந்தது அல்ல. கெர்னல் ஹோஸ்ட்நேமுக்குப் பக்கத்திலேயே இன்னொரு புலத்தையும் வைத்திருக்கிறது. அது பழைய என்ஐஎஸ் என்னும் பயனர் விவரப் பகிர்வு முறைக்கானது. அந்தக் கட்டளை காட்டுவதும் மாற்றுவதும் அந்தப் புலத்தை மட்டுமே. டிஎன்எஸ் டொமைன் பகுதி மட்டும் வேண்டுமானால் 'டிஎன்எஸ்டொமைன்நேம்' என்ற வேறொரு கட்டளை உண்டு. அது முழுப் பெயரைத் தேடிப் பெற்று, முதல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுகிறது.

ஒரே கெர்னலில் ஓடும் கன்டெய்னர்களுக்குத் தனித்தனிப் பெயர் எப்படிச் சாத்தியமாகிறது?

2006இல் வெளிவந்த 2.6.19 கெர்னலில் யுடிஎஸ் நேம்ஸ்பேஸ் என்ற வசதி சேர்க்கப்பட்டது. நேம்ஸ்பேஸ் என்பது கெர்னல் சில நிரல்களுக்கு மட்டும் பிரித்துக் காட்டும் தனி அறை போன்றது. ஹோஸ்ட்நேமும் மேலே சொன்ன என்ஐஎஸ் புலமும் இந்த நேம்ஸ்பேஸுக்குள் அடங்கும். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி யுடிஎஸ் நேம்ஸ்பேஸ் கிடைப்பதால், ஒன்றில் பெயரை மாற்றினால் மற்றொன்றிலோ அவற்றைத் தாங்கும் வெளிச் சர்வரிலோ எதுவும் மாறாது. ஆனால் ஹோஸ்ட்ஸ் கோப்பு கோப்பமைப்பைச் சேர்ந்தது. டிஎன்எஸ் நெட்வொர்க்கைச் சேர்ந்தது. யுடிஎஸ் நேம்ஸ்பேஸுக்கு இவை இரண்டைப் பற்றியும் எதுவும் தெரியாது. இவற்றை ஒன்றோடொன்று இசைய வைப்பது டாக்கர், பாட்மேன், குபெர்னெட்டீஸ் போன்ற, கன்டெய்னர்களை இயக்கும் கருவிகளின் பொறுப்பு. ஒவ்வொன்றும் அதைத் தனக்கே உரிய வழியில் செய்கிறது.

டாக்கரில் நான் பெயர் எதுவும் கொடுக்கவில்லை. 12 எழுத்துகளில் புரியாத பெயர் ஏன் வருகிறது?

பெயர் கொடுக்கப்படாதபோது டாக்கர் கன்டெய்னர் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளையே ஹோஸ்ட்நேமாக வைக்கிறது. கன்டெய்னரை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் அது மாறாது. ஆனால் கன்டெய்னரை அழித்துப் புதிதாக உருவாக்கினால் அடையாள எண் மாறும். அதோடு ஹோஸ்ட்நேமும் மாறும். இமேஜை, அதாவது கன்டெய்னர் உருவாகும் மூல அச்சை, புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கன்டெய்னர் புதிதாக உருவாவதால், உங்கள் சேவையின் பெயர் உங்களுக்குத் தெரியாமலேயே மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நிலையான பெயருக்கு 'டாக்கர் ரன்' கட்டளையில் 'ஹோஸ்ட்நேம்' தெரிவைக் கொடுக்க வேண்டும். அதில் முழுப் பெயரையே கொடுக்கலாம். அல்லது குறுகிய பெயரை அங்கும் மீதியை 'டொமைன்நேம்' தெரிவிலும் பிரித்துக் கொடுக்கலாம். டாக்கரின் உதவிப் பக்கம் இந்த இரண்டாவது தெரிவை என்ஐஎஸ் டொமைன் என்றே விவரிக்கிறது. இருந்தாலும் ஹோஸ்ட்ஸ் கோப்பை எழுதும்போது டாக்கர் இரண்டையும் சேர்த்து முழுப் பெயராக்கி முதலில் வைத்து, அதன் பின்னால் குறுகிய பெயரையும் எழுதுகிறது. எனவே முழுப் பெயரைக் கேட்டால் இரு வழியிலும் சரியான விடையே வரும். வேறுபாடு கெர்னலில் பதிவாகும் ஹோஸ்ட்நேமில்தான்: முதல் வழியில் அது முழுப் பெயராகவும், இரண்டாவது வழியில் குறுகிய பெயராகவும் இருக்கும்.

கெர்னலில் குறுகிய பெயர் இருக்க வேண்டுமா, முழுப் பெயர் இருக்க வேண்டுமா?

டெபியன் வழக்கம் குறுகிய பெயர். ரெட்ஹேட் குடும்பத்தில் முழுப் பெயரையே ஹோஸ்ட்நேமாக வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இரண்டும் வேலை செய்யும். என் தேர்வு குறுகிய பெயர். ஏனெனில் 64 எழுத்து எல்லையை அது எளிதில் தொடாது, லாக் பதிவேடுகளிலும் படிக்க எளிது. நிறுவி நிரல் கெர்னல் ஹோஸ்ட்நேமிலேயே புள்ளி இருக்கிறதா என்று சோதிக்கும் சில மென்பொருள்களுக்கு மட்டும் முழுப் பெயரை வைக்கிறேன். ஒரே அமைப்பில் சில கன்டெய்னர்களுக்கு ஒரு விதமாகவும் மற்றவற்றுக்கு வேறு விதமாகவும் வைப்பதுதான் உண்மையில் தவிர்க்க வேண்டியது.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர்களின் வரிசை முக்கியமா?

மிகவும் முக்கியம். ஒரு வரியில் ஐபி முகவரிக்கு அடுத்து முதலாவதாக வரும் பெயரே அதிகாரபூர்வப் பெயராகக் கொள்ளப்படுகிறது. அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் மாற்றுப்பெயர்கள். இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள்:

172.17.0.2 வெப்1.எக்ஸாம்பிள்.காம் வெப்1

172.17.0.2 வெப்1 வெப்1.எக்ஸாம்பிள்.காம்

முதல் வரி இருந்தால் முழுப் பெயர் கிடைக்கும். இரண்டாவது வரி இருந்தால் அதே கேள்விக்கு 'வெப்1' என்பது மட்டுமே விடையாக வரும். கோப்பில் முழுப் பெயர் கண்ணெதிரே இருந்தும் கட்டளை அதைக் காட்டாததால், தேடல் நூலகத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. சொற்களை இடம் மாற்றினால் போதும். இதோடு தொடர்புடைய இன்னொரு தவறு, 127.0.0.1 வரியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதற்குப் பின்னால் தன் பெயரைச் சேர்ப்பது. அப்போது கன்டெய்னரின் முழுப் பெயரே 'லோக்கல்ஹோஸ்ட்' என்று ஆகிவிடும். நிலையான முகவரி இல்லாத இயந்திரங்களில் டெபியன் தன் பெயருக்கென்று 127.0.1.1 என்ற தனி வரியை வைப்பது இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான்.

கன்டெய்னருக்குள் நுழைந்து பெயரை மாற்ற முயன்றால் அனுமதி மறுக்கப்படுகிறது. ரூட் பயனராகத்தானே இருக்கிறேன்?

கெர்னலில் ஹோஸ்ட்நேமை மாற்ற 'கேப் சிஸ் அட்மின்' என்ற உரிமை வேண்டும். டாக்கர் இயல்பாகவே அதைக் கன்டெய்னரிடமிருந்து எடுத்துவிடுகிறது. ரூட் என்ற பெயர் இருந்தும் இந்த அதிகாரம் இல்லை. பெயர் மாற்றத்துக்காக 'பிரிவிலேஜ்டு' நிலையில் கன்டெய்னரை ஓட்டும் அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அந்த ஓர் உரிமைக்குள் கோப்பமைப்புகளை ஏற்றுவது உள்ளிட்ட எத்தனையோ அதிகாரங்கள் அடங்கியிருக்கின்றன. ஒரு பெயருக்காக அந்தப் பாதுகாப்பு முழுவதையும் விட்டுக்கொடுப்பது தகாது. கன்டெய்னரை அழித்து, சரியான பெயரோடு மீண்டும் உருவாக்குங்கள்.

ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்த முயல்பவர்கள் இன்னொரு தடையைச் சந்திப்பார்கள். கோப்பின் உரையைத் திருத்தும் 'செட்' கட்டளையை 'ஐ' தெரிவோடு ஓட்டினால், 'கருவி அல்லது வளம் பயன்பாட்டில் உள்ளது' என்ற பொருள்படும் பிழை வரும். ஈடிசி அடைவில் உள்ள ஹோஸ்ட்ஸ், ஹோஸ்ட்நேம், ரிசால்வ்.கான்ஃப் (டிஎன்எஸ் தேடல் அமைப்புகள் உள்ள கோப்பு) ஆகிய மூன்று கோப்புகளும் இமேஜின் கோப்புகள் அல்ல. வெளிச் சர்வரிலிருந்து டாக்கர் அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றி வைத்திருக்கிறது. 'செட்' ஒரு புதிய கோப்பை எழுதி அதைப் பழையதன் பெயருக்கு மாற்ற முயலும். ஏற்றப்பட்ட கோப்பின் மீது அப்படிப் பெயர் மாற்றிவைக்க முடியாது. கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர்க்க முடியும் என்றாலும், கன்டெய்னர் மீண்டும் தொடங்கும்போது அது நிலைக்கும் என்று நம்ப முடியாது. இமேஜைக் கட்டும் படிகள் எழுதப்பட்ட டாக்கர்ஃபைலின் 'ரன்' வரியில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்துவதும் இதே காரணத்தால் பயனற்றது. இமேஜ் கட்டி முடிந்ததும் அந்தத் திருத்தம் மறைந்துவிடும். கூடுதல் வரிகள் வேண்டுமானால் 'ஆட் ஹோஸ்ட்' தெரிவைப் பயன்படுத்துங்கள்.

ஹோஸ்ட்நேம் கொடுத்துவிட்டேன், ஆனால் மற்றக் கன்டெய்னர்கள் அந்தப் பெயரில் இதைக் கண்டுபிடிக்கவில்லையே?

ஹோஸ்ட்நேம் என்பது ஒருவர் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் பெயர். மற்றவர்கள் அழைப்பதற்கு அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்கரில் நாமே உருவாக்கும் நெட்வொர்க்குகளில் 127.0.0.11 என்ற முகவரியில் உள்ளமைந்த டிஎன்எஸ் ஒன்று இயங்குகிறது. அதற்குத் தெரிந்தவை கன்டெய்னரின் பெயரும் நெட்வொர்க் மாற்றுப்பெயர்களும். 'ஹோஸ்ட்நேம்' தெரிவில் கொடுத்த பெயரை அது எல்லாப் பதிப்புகளிலும் பதிவு செய்யும் என்று நம்ப முடியாது. ஆகையால் முழுப் பெயரால் மற்றவர்கள் அணுக வேண்டுமானால், அதே முழுப் பெயரை நெட்வொர்க் மாற்றுப்பெயராகவும் கொடுக்க வேண்டும். இயல்பாக வரும் 'பிரிட்ஜ்' நெட்வொர்க்கில் இந்தப் பெயர்த்தேடல் வசதி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐபி முகவரியைக் கொடுத்துப் பெயரைக் கேட்டால், உள்ளமைந்த டிஎன்எஸ் கன்டெய்னர் பெயரையும் நெட்வொர்க் பெயரையும் புள்ளியிட்டுச் சேர்த்துத் தருகிறது. நெட்வொர்க்குக்கு 'பேக்எண்ட்' என்று பெயரிட்டிருந்தால், பதிவேட்டில் 'வெப்1.பேக்எண்ட்' என்ற, நீங்கள் எங்கும் எழுதாத பெயர் தோன்றும். கெர்பரோஸ் போலப் பெயரை வைத்தே நம்பிக்கையைத் தீர்மானிக்கும் அமைப்புகளில் இது உள்நுழைவையே முறித்துவிடக்கூடும்.

பெயர் மாறினால் உண்மையில் என்ன கெட்டுவிடும்?

வெறும் இணையப் பக்கங்களைத் தரும் கன்டெய்னரில் பெரும்பாலும் எதுவும் கெடாது. அப்பாச்சி வெப் சர்வர் தொடங்கும்போது, சர்வரின் முழு டொமைன் பெயரை உறுதியாகத் தீர்மானிக்க முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை எழுதும். 'சர்வர்நேம்' வரியை அமைத்தால் அது போய்விடும்.

தரவைப் பெயரோடு கட்டிவைக்கும் மென்பொருள்களில்தான் இழப்பு. நிரல்களுக்கு இடையே செய்திகளை வரிசைகளில் வைத்துக் கடத்தும் ரேபிட்எம்கியூ, தன் தரவை 'ரேபிட்' என்ற சொல்லோடு ஹோஸ்ட்நேமைச் சேர்த்த பெயருள்ள அடைவில் வைக்கிறது. ஹோஸ்ட்நேம் கொடுக்காமல் அதை ஓட்டி, தரவு அடைவை மட்டும் வெளியே பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். இமேஜைப் புதுப்பித்து மீண்டும் தொடங்கியதும் வரிசைகள் எல்லாம் காலியாக இருக்கும். சேமிப்பு அடைவைத் திறந்து பார்த்தால், 12 எழுத்துப் பெயர்களோடு இரண்டு அடைவுகள் அருகருகே இருப்பதைக் காணலாம்: பழையதில் செய்திகள் அப்படியே இருக்கின்றன, புதியது வெறுமையாக இருக்கிறது. எதுவும் அழியவில்லை, மென்பொருள் தன்னை வேறொரு ஆளாக நினைத்துக்கொண்டது, அவ்வளவே. பழைய ஹோஸ்ட்நேமையே வெளிப்படையாகக் கொடுத்துத் தொடங்கினால் செய்திகள் திரும்பிவிடும். அதனால்தான் அந்த இமேஜின் ஆவணம் ஹோஸ்ட்நேமைக் கட்டாயம் குறிப்பிடச் சொல்கிறது.

மின்னஞ்சல் இன்னொரு வகை. மின்னஞ்சல் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸ் வேறு சர்வரோடு பேசத் தொடங்கும்போது தன் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறது. ஹோஸ்ட்நேமில் புள்ளி இல்லாவிட்டால் அதனோடு 'லோக்கல்டொமைன்' என்பதைச் சேர்த்துக்கொள்ளும். டிஎன்எஸில் இல்லாத அத்தகைய பெயரோடு வரும் கடிதங்களைப் பல சர்வர்கள் ஏற்பதில்லை. இங்கே ஹோஸ்ட்நேமை நம்பியிராமல் 'மைஹோஸ்ட்நேம்' அமைப்பில் முழுப் பெயரை நேரடியாக எழுதுங்கள். வெளியே தெரியும் ஐபி முகவரியின் எதிர்த்திசைத் தேடலும் அதே பெயரைத் தருகிறதா என்று பாருங்கள். கன்டெய்னரின் உள்முகவரிக்கு இதில் பங்கில்லை.

கம்போஸ் கோப்பிலும் பாட்மேனிலும் எப்படி?

பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் வரையறுக்கும் டாக்கர் கம்போஸில் சேவையின் கீழ் 'ஹோஸ்ட்நேம்', 'டொமைன்நேம்' என்ற அதே இரண்டு சொற்கள் உள்ளன. மாற்றுப்பெயர்களை 'நெட்வொர்க்ஸ்' பகுதியில் எழுத வேண்டும். பாட்மேனில் தனிக் கன்டெய்னருக்கு டாக்கரைப் போலவே. பாட் என்ற தொகுப்புக்குள் ஓட்டும்போது மட்டும் எல்லாக் கன்டெய்னர்களும் இயல்பாக ஒரே யுடிஎஸ் நேம்ஸ்பேஸைப் பகிர்வதால், பாடை உருவாக்கும்போதே பெயரைக் கொடுக்க வேண்டும்.

எல்எக்ஸ்சி, எல்எக்ஸ்டி போன்ற முழு அமைப்புக் கன்டெய்னர்களில்?

இவை உள்ளே சிஸ்டம்டியோடு (சேவைகளைத் தொடங்கி மேலாளும் நிரல்) ஒரு முழு லினக்ஸாகவே தொடங்குவதால், உள்ளிருந்து 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கட்டளையால் மாற்றலாம். ஈடிசி அடைவின் ஹோஸ்ட்நேம் கோப்பில் அது எழுதப்பட்டு நிலைக்கும். எல்எக்ஸ்சியின் அமைப்புக் கோப்பில் 'எல்எக்ஸ்சி.யுடிஎஸ்.நேம்' என்ற வரி இதற்கானது, 2.1 பதிப்புக்கு முன் அது 'எல்எக்ஸ்சி.யுடிஎஸ்நேம்' என்று இருந்தது, பழைய கோப்புகளில் இன்னும் காணலாம்.

எல்எக்ஸ்டியிலும் அதிலிருந்து பிரிந்த இன்கஸிலும் இன்ஸ்டன்ஸின் பெயரே ஹோஸ்ட்நேம். அவற்றின் பிரிட்ஜில் இயங்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு டிஎன்எஸ் சர்வர், எல்எக்ஸ்டியில் 'எல்எக்ஸ்டி' என்றும் இன்கஸில் 'இன்கஸ்' என்றும் முடியும் முழுப் பெயர்களை இயல்பாகத் தருகிறது. வேறு டொமைன் வேண்டுமானால் நெட்வொர்க்கின் 'டிஎன்எஸ்.டொமைன்' மதிப்பை மாற்ற வேண்டும். இந்தப் பெயர்கள் கன்டெய்னர்களுக்குள் தெரியும். வெளிச் சர்வருக்கும் தெரிய, அதன் பெயர்த்தேடலுக்குப் பிரிட்ஜின் முகவரியைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

எல்எக்ஸ்சி கன்டெய்னர்களை மேலாளும் ப்ராக்ஸ்மாக்ஸில் கவனம் தேவை. கன்டெய்னர் தொடங்கும்போது ப்ராக்ஸ்மாக்ஸ் தன் அமைப்பில் உள்ள பெயரை உள்ளே மீண்டும் எழுதுகிறது. உள்ளே நீங்கள் செய்த மாற்றம் அடுத்த தொடக்கத்தில் காணாமல் போவது இதனால்தான். 'பிசிடி செட்' கட்டளையால் வெளியிலிருந்தே மாற்றுவது சரியான வழி.

பெயரை மாற்றிய பிறகு 'சூடோ' ஒவ்வொரு முறையும் பெயரைக் கண்டறிய முடியவில்லை என்று முறையிட்டால், ஹோஸ்ட்நேமை மட்டும் மாற்றி ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பழையபடியே விட்டிருக்கிறீர்கள்.

குபெர்னெட்டீஸில் பாடுக்கு முழுப் பெயர் தருவது எப்படி?

குபெர்னெட்டீஸிலும் பாட் என்பது ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பு. பாடின் பெயரே அதன் ஹோஸ்ட்நேம்; முழு டொமைன் பெயர் இயல்பாகக் கிடையாது. அதைப் பெற இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். பாட் வரையறையில் 'ஹோஸ்ட்நேம்', 'சப்டொமைன்' இரண்டையும் எழுத வேண்டும். அந்தச் சப்டொமைனின் பெயரிலேயே, அதே குபெர்னெட்டீஸ் நேம்ஸ்பேஸில் (இது மேலே கண்ட கெர்னல் நேம்ஸ்பேஸ் அல்ல), தனக்கென ஐபி முகவரி இல்லாத ஹெட்லெஸ் சர்வீஸ் ஒன்றை உருவாக்க வேண்டும். சர்வீஸை மறந்துவிட்டால் பாடுக்குள் முழுப் பெயர் சரியாகவே தெரியும். வெளியிலிருந்து தேடினால் மட்டும் கிடைக்காது. ஒருபுறம் ஹோஸ்ட்ஸ் கோப்பும் மறுபுறம் டிஎன்எஸும் விடையளிப்பதே இந்த முரணுக்குக் காரணம். பாடுகளுக்கு நிலையான, எண்ணிட்ட பெயர் தரும் ஸ்டேட்ஃபுல்செட் பயன்படுத்தினால் ஹோஸ்ட்நேமும் சப்டொமைனும் தாமாகவே அமைந்துவிடும், 'வெப்-0.வெப்.டிஃபால்ட்.எஸ்விசி.கிளஸ்டர்.லோக்கல்' என்பது போன்ற பெயர்கள் வரும்.

கெர்னல் ஹோஸ்ட்நேமே முழுப் பெயராக வேண்டுமானால் 'செட்ஹோஸ்ட்நேம்ஆஸ்எஃப்க்யூடிஎன்' என்ற புலம் உண்டு, 1.22 பதிப்பிலிருந்து அது நிலைபெற்றது. மேலே கண்டதைப் போன்ற பெயர்கள் நீளமானவை என்பதால் 64 எழுத்து எல்லை இங்கேதான் கடிக்கும்: எல்லை மீறினால் பாட் தொடங்காமலே நின்றுவிடும்.

பெயரின் இறுதியில் புள்ளி வைப்பது எதற்கு?

தேடல் டொமைன்களை, அதாவது பெயரின் பின்னால் தானாக ஒட்டிப் பார்க்கப்படும் டொமைன்களை, சேர்க்காமல் அப்படியே தேடச் சொல்வதற்கு. குபெர்னெட்டீஸ் பாடுகளின் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 'என்டாட்ஸ்' மதிப்பு 5 என்று இருக்கும். 5 புள்ளிகளுக்குக் குறைந்த பெயர் எதுவானாலும் முதலில் தேடல் டொமைன்கள் ஒவ்வொன்றோடும் ஒட்டிப் பார்க்கப்படும். 'ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம்' என்ற முழுமையான பெயரும் இதில் சிக்கி, வீண் தேடல்களுக்குப் பிறகே சரியான விடையை அடைகிறது. இறுதிப் புள்ளி அதைத் தவிர்க்கும்.

உள் நெட்வொர்க்குக்கு எந்த டொமைனைத் தேர்ந்தெடுக்கலாம்?

உங்களுக்குச் சொந்தமான டொமைன் இருந்தால் அதன் கீழ் ஒரு துணை டொமைன். இதைவிடச் சிறந்த வழி இல்லை, ஏனெனில் முறையான சான்றிதழும் பெற முடியும். இல்லாவிட்டால், டொமைன் பெயர்களை மேலாளும் ஐகான் அமைப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கென 2024இல் ஒதுக்கிய 'இன்டர்னல்' என்ற முடிவைப் பயன்படுத்தலாம். 'லோக்கல்' என்று முடியும் பெயர்கள் 2013இன் ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணம் மூலம் எம்டிஎன்எஸுக்கு (தனி டிஎன்எஸ் சர்வர் இல்லாமல் உள் நெட்வொர்க்கில் பெயர் தேடும் முறை) ஒதுக்கப்பட்டவை, அவற்றைத் தவிர்க்கவும். 'டெவ்' என்பது உண்மையான உயர்நிலை டொமைன். பிரவுசர்கள் அதில் எச்டிடிபிஎஸ் இணைப்பையே வற்புறுத்தும்.

பெயரில் அடிக்கோடு, தமிழ் எழுத்து போன்றவை வரலாமா?

கெர்னல் தடுக்காது, மற்றவை தடுக்கும். ஹோஸ்ட்நேமுக்கு எழுத்து, எண், இடைக்கோடு மட்டுமே உரியவை. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. அடிக்கோடு உள்ள கன்டெய்னர் பெயர் டாக்கரில் செல்லும். ஆனால் அதே பெயரில் ஒரு டிஜாங்கோ (பைத்தான் மொழியின் இணையக் கட்டமைப்பு) சேவையை அழைத்தால் அது செல்லாத பெயர் என்று மறுத்துவிடும். தமிழில் டொமைன் பெயர் வாங்க முடியும் என்றாலும், டிஎன்எஸில் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் குறிமுறை வடிவில்தான் பதிவாகிறது. ஹோஸ்ட்நேமிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் அந்த வடிவத்தையே எழுதுங்கள்.

எல்லாம் அமைத்தபின் எப்படிச் சோதிப்பது?

கன்டெய்னருக்குள் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். தெரிவு எதுவும் இல்லாத 'ஹோஸ்ட்நேம்' கட்டளை கெர்னலின் விடையைத் தரும். 'எஃப்' தெரிவோடு அதே கட்டளை முழுப் பெயரைத் தரும். பிறகு 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளைக்கு முழுப் பெயரைக் கொடுத்தால், நிரல்கள் உண்மையில் பெறும் ஐபி முகவரி வரும். 'டிக்' கட்டளையை மட்டும் நம்ப வேண்டாம். அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸிடம் போவதால் நிரல்கள் காணும் விடையிலிருந்து மாறுபடலாம். கடைசியாக, அதே நெட்வொர்க்கில் இன்னொரு கன்டெய்னரைத் திறந்து அங்கிருந்தும் முழுப் பெயரைத் தேடுங்கள். உள்ளே சரியாகவும் அங்கே தவறாகவும் வந்தால் திருத்த வேண்டியது டிஎன்எஸ் அல்லது மாற்றுப்பெயர். அங்கே சரியாகவும் உள்ளே தவறாகவும் வந்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர்களின் வரிசையைப் பாருங்கள்.